பதினோராவது இலை

பொட்டலத்தை யாரோ பிரித்திருக்கிறார்கள். கையில் எடுத்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காகிதத்தை மடிக்கும்போது இடப்பக்க ஓரத்தை முதலில் உள்ளே தள்ளி, வலப்பக்க ஓரத்தை அதன்மேல் செருகுவது அவள் வழக்கம். இப்போது வலப்பக்கம் அடியில் கிடந்தது. மடித்தவர் யாராக இருந்தாலும் அவளைவிட நேர்த்தியாகத்தான் மடித்திருந்தார். அது அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது.

ஜன்னலோர மேஜையில் வெள்ளைத்தாளை விரித்து, உள்ளே இருந்த காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து எண்ணினாள். பத்து. காகிதத்தை உதறிப் பார்த்தாள், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், மறுபடி எண்ணினாள். பத்துதான். அவள் வைத்தது பதினொன்று.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர். பேனா மூடி காணாமல் போனாலும் விசாரணை நடத்துவாள், கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் வைக்கும்போதும் எண்ணுவாள், எடுக்கும்போதும் எண்ணுவாள் என்பதால் வந்த பெயர். அவள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா உடை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறவள். ஒரு நாளைக்கு நானூறு சட்டைகளைத் திருப்பிப் போட்டுத் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் குறைகிறதா என்று பார்க்கிறவள். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். டேங்கின் வால்வை மூன்று தடவை தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார். எண்ணாமல் விட்டால் ஏமாந்து போவோம் என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரியும்.

காணாமல் போன இலை சும்மா இலையல்ல. நான்கு மாதத்துக்கு முன் ஒரு பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் நின்ற மரத்திலிருந்து அவள் பறித்தது. இலை முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், யாரோ கரியைத் தொட்டுத் தெளித்த மாதிரி. பார்க்கிறவர்கள் வண்டிப்புகை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் அந்தப் பொட்டின்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷைத் தடவி, காயவிட்டு, தோலுரிப்பதுபோல உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினாள். இலைப்பூஞ்சைக்காரர்களின் வேலை அப்படித்தான். கோடி ரூபாய்க் கருவி இருந்தாலும் பூஞ்சை கலையாமல் இலையைவிட்டு வருவது பத்து நிமிஷத்தில் காய்கிற அந்தப் பாலிஷில்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது பொட்டைச் சுற்றிக் கறுப்பு முடிகள் நட்டுக்கொண்டு நின்றன. ஒவ்வொரு முடியின் நுனியும் மூன்றாகப் பிரிந்திருந்தது.

அந்த வகை மரத்தில் இதுவரை மூன்றே கரும்பூஞ்சைகளைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. மூன்றின் படங்களையும் அவள் தேடி எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றின் முடி கூர்மை, ஒன்றுக்கு மொட்டை, ஒன்றுக்கு முடியே இல்லை. பிரிந்த நுனி எதற்கும் கிடையாது. ஆக, இது நாலாவது. யாரும் பார்க்காதது, பெயர் வைக்காதது.

இந்தப் பூஞ்சையை ஆய்வுக்கூடத் தட்டில் வைத்து வளர்க்க முடியாது, உயிருள்ள இலையில்தான் பிழைக்கும். மரத்தையோ இரண்டாவது மாதமே குழாய் பதிக்க வந்தவர்கள் வேரோடு சாய்த்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் அதே வகை மரம் இருபத்தாறு இருந்தது. இருபத்தாறிலும் ஏறி இறங்கினாள், பழைய பூஞ்சைதான் கிடைத்தது. எனவே உலகத்தில் இந்தப் பூஞ்சைக்கு இருக்கும் ஒரே சாட்சி பொட்டலம் எண் 212-இல் இருந்த பதினோரு இலைகள்.

புது இனம் என்று அறிவிப்பவர்கள் ஒரு பொட்டலத்தை மூலமாக வைத்தாக வேண்டும். பெயர் அந்தப் பொட்டலத்தோடு கட்டிப்போடப்பட்டது. நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் பெயரும் பூஞ்சையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு போகும். அவள் குடும்பத்தில் யாருடைய பெயரும் வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அச்சானதில்லை. அவளுக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை அவள் ஏமாந்திருக்கிறாள். விடுதி வேலிச்செடியில் மஞ்சள் புள்ளிப் பூஞ்சை ஒன்றைக் கண்டுபிடித்தது அவள், படம் வரைந்தது அவள். கட்டுரை வந்தபோது அவள் ஆய்வை வழிநடத்தும் கைடு பெயரும் கைடின் நண்பர் பெயரும் மேலே இருந்தன. அவளைக் கடைசிப் பத்தியில் 'உதவிய மாணவர்கள்' என்ற கும்பலில் நிறுத்தியிருந்தார்கள். கைடு அவள் முகத்தைப் பார்க்காமலே, அடுத்தது உன்னோடதும்மா என்றார். இதுதான் அந்த அடுத்தது.

அதனால் அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. மனதுக்குள் மூன்று பேரை வரிசையாக நிறுத்தினாள்.

முதலில் கைடு. போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டு போனில், "ஆமா, அந்தக் கறுப்புதான், பாத்துட்டு சொல்லுங்க," என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. கறுப்பு என்றால் காராகவும் இருக்கலாம், கண்ணாடி ஃபிரேமாகவும் இருக்கலாம். இலையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சீனியர் அண்ணன். ஆறு வருஷமாக ஆய்வு முடிக்காதவன், ஒரு கட்டுரை கிடைத்தால் கரையேறிவிடுவான். அவளுடைய நெயில் பாலிஷ் பாட்டில் பாதியாகக் குறைந்திருந்தது. கேட்டால் சிரித்தான். ஃபேன்சி கடையில் ஆம்பளை போய் நெயில் பாலிஷ் கேட்டால் கடைக்காரம்மா எந்தக் கலர் தம்பிக்குப் பிடிக்கும் என்று கேட்கிறாளாம், அதற்குப் பயந்து அவளுடையதைத் தொட்டானாம், கண்ணாடித் தகட்டின் ஓரத்தை அடைக்கத்தானாம். நம்பும்படிதான் இருந்தது. நம்பும்படி இருப்பதை அவள் நம்புவதில்லை.

மூன்றாவது பொட்டலம் அக்கா. சேகரித்த இலைகளைப் பாதுகாக்கும் மாதிரி அறையின் காப்பாளர், நாற்பது வயது இருக்கும். இருபதாயிரம் பொட்டலங்களையும் சாவிக்கொத்தையும் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தரச்சொல்லி கைடு அறை வாசலில் நிற்கிறவள். கைடு ஓர் இலையை எடுத்துக் கொடு என்றால் இந்த அக்கா எதற்கு என்று கேட்பாளா?

அக்காவிடமே நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் திருடர்கள் உஷாராகிவிடுவார்கள் என்று போலீஸ் நினைத்தாள். மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு பொட்டலத்தைப் பிரித்து, பத்து இலைகளையும் எடுத்துக்கொண்டாள். அந்த இருபத்தாறு மரங்களில் பறித்த, சாதாரணக் கரும்பூஞ்சை பிடித்த பத்து இலைகளை உள்ளே வைத்து, அதே எண்ணோடு மடித்து வைத்தாள். வெறும் கண்ணால் பார்த்தால் பெற்ற தாய்மரத்துக்கே வித்தியாசம் தெரியாது. திருட வருகிறவன் பழைய சரக்கைத் திருடிக்கொண்டு போகட்டும். கட்டுரை அச்சேறும் அன்றைக்கு நிஜத்தைத் திரும்ப வைத்துவிடலாம்.

நிஜ இலைகளை வீட்டில் பீரோ மேல்தட்டில் இருக்கும் சர்டிபிகேட் ஃபைலுக்குள் வைத்தாள். அந்த வீட்டில் அதற்குமேல் பத்திரமான இடம் கிடையாது. அப்பா அந்த ஃபைலைத் தொடும் முன் கை கழுவுகிறவர். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு பத்தொன்பது வருஷம் படிச்சு என்ன பண்றான்னு கேட்டா, சருகு பொறுக்கறான்னு சொல்லவாடி?"

"சொல்லு. யாராவது கேட்டு வந்தா, வீட்ல சருகே இல்லன்னும் சொல்லு."

அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், தையல் விட்ட சட்டையைப் பார்க்கிற பார்வை.

கைடு கட்டுரையை அனுப்பினார். அவள் பக்கத்தில் நின்று, திரையில் முதல் பெயர் தன்னுடையதுதான் என்று பார்த்தபிறகே நகர்ந்தாள். அதற்குப்பின் ஐந்து நாள் மலைப்பக்கம் இலை சேகரிக்கப் போனாள். திரும்பி வந்தால் அலமாரியில் 212 இருந்த இடம் காலியாக இருந்தது. கட்டுரையைப் பரிசீலிக்கிற நிபுணர் மூலப் பொட்டலத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். கைடு சொல்ல, அக்கா அன்றைக்கே பார்சல் கட்டி அனுப்பிவிட்டாளாம்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். மாற்றிவைத்தேன், திருப்பி வரவழையுங்கள் என்று ஒரு வரி. அவள் சொல்லவில்லை. நிபுணர்களுக்கு ஆயிரம் வேலை, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார் என்று தன் காதில் தானே பூச் சுற்றிக்கொண்டாள். ஊரையே சந்தேகப்படுகிறவள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நல்லதே நடக்கும் என்று நம்பினாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கைடு அதை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பொட்டலத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய பூஞ்சை. பொட்டலத்தோடு அனுப்பிய தகட்டிலும் கட்டுரையின் படத்திலும் இருக்கும் பிரிந்த முடி, பத்து இலையில் ஒன்றில்கூட இல்லை. அப்படியானால் தகடு எந்த இலையிலிருந்து வந்தது, படம் எதைப் பார்த்து வரைந்தது என்று ஆசிரியர்கள் விளக்க வேண்டும். மரியாதையான சொற்களில் எழுதப்பட்டிருந்தாலும் ஃபிராடு என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அவள் மென்று முழுங்கவில்லை. நின்றபடியே நடந்ததை முழுக்கச் சொன்னாள். உங்களையும் சந்தேகப்பட்டேன் என்பதையும் சேர்த்துத்தான். கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நிஜ இலை எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றாள்.

"வீட்டுல இருந்து வர்ற இலைய எவன் நம்புவான்? மாட்டினப்புறம் ஜோடிச்சுக் கொண்டுவந்தன்னு சொல்லுவான்."

அது அவளுக்கும் தெரிந்தது. அவளே நம்பமாட்டாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார். பொட்டலத்தை எடுத்து அனுப்பியது காப்பாளர். அலமாரியில் இரண்டு பொட்டலம் மாறிப்போய்விட்டது, தவறு அறையில் நடந்தது என்று எழுதிவிடலாம். நிஜத்தை அந்த அறையிலிருந்தே எடுத்ததாக அனுப்பலாம்.

"அந்தம்மாவ ஒரு வார்த்தை திட்டுவாங்க, அவ்வளவுதான். இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல. உன் பேரும் நிக்கும்."

யாருக்கும் என்று இவர்கள் சொல்லும்போது அதில் யார் யாரெல்லாம் சேர்த்தி இல்லை என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மாவின் தொழிற்சாலையில் ஒருமுறை ஒரு கட்டு சட்டை குறைந்தபோது சூப்பர்வைசர் இப்படித்தான் அம்மாவின் தலையில் கட்டப் பார்த்தார். யோசிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சரி என்று சொல்லிவிடுவோமோ என்ற பயமும் அவளுக்கு இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயம் கிடைத்தது. இலையைத் திருடியது அக்காவாகவும் இருக்கலாமே. திருடியவள் தலையில் இன்னொரு பழி விழுந்தால் என்ன?

மாதிரி அறையில் அக்கா பொட்டலங்களுக்கு வேப்பிலைத்தூள் பை மாற்றிக்கொண்டிருந்தாள். போலீஸ் சுற்றி வளைக்கவில்லை.

"212-ல இருந்து ஒரு இலைய எடுத்தது நீங்களா?"

"ஆமா," என்றாள் அக்கா, தலை நிமிராமலே.

அவ்வளவு சுலபமாகக் கிடைத்த வாக்குமூலத்தை என்ன செய்வதென்று போலீஸுக்குத் தெரியவில்லை. யாருக்காக எடுத்தீர்கள் என்று கேட்டாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரிக்குமேல் கிடந்த ஒரு தடித்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். பக்கத்தைக் காட்டினாள். எண் 212, ஓர் இலை, கிழக்குக் கட்டிடம், மேல் அலமாரி, தேதி. பக்கத்தில் அந்தக் கட்டிடத்துக் காவலாளியின் கையெழுத்து. அவள் இலைகளை எண்ணி மாற்றுவதற்கு ஐந்து நாள் முந்தைய தேதி.

எட்டு வருஷத்துக்கு முன் இந்த அறையின் கூரைக் குழாய் உடைந்து நானூறு பொட்டலம் கூழாகிப்போனதாம். அதிலிருந்து, புது இனம் என்று சிவப்புச் சீட்டு ஒட்டி எந்தப் பொட்டலம் வந்தாலும் ஓர் இலையைப் பிரித்து அந்தக் கட்டிடத்தில் வைத்துவிடுகிறாளாம். யாரும் சொல்லவில்லை, அவளாகவே ஆரம்பித்தது. கைடு வருஷத்துக்கு ஒருமுறை அந்த நோட்டில் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"நீ கேக்கவே இல்லையே. எல்லாத்தையும் எண்ணுற, இந்த நோட்ட ஒரு தடவ புரட்டியிருக்கலாம்ல?"

போலீஸ் ஸ்டூலில் உட்கார்ந்தாள். யார் திருடினார்கள் என்று இரண்டு மாதம் அலைந்தாளே, அப்படித் திருடுபோனதாக நினைத்த இலைதான் இப்போது அவள் கைக்கு எட்டாமல், தேதியோடு பதிவாகி இருக்கும் ஒரே இலை. அதற்குமேல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை நல்லபடியாக முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை. பொட்டலத்தை மாற்றியதைச் சொன்னாள். கைடு மேலே என்ன யோசனை சொன்னார் என்பதையும் சொன்னாள். நானும் படி இறங்குகிற வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன் என்றும் சொன்னாள்.

அக்கா நோட்டை மூடினாள்.

"எத்தன படி?"

"முப்பத்தி நாலு."

"எண்ணியிருக்க பாரு," என்றாள் அக்கா. சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கிழக்குக் கட்டிடத்துச் சின்னப் பொட்டலத்தைப் போலீஸ் தொடவே இல்லை. அக்காவையே பிரிக்கச் சொன்னாள், காவலாளியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். கைடும் சீனியர் அண்ணனும் வந்தபிறகுதான் மைக்ரோஸ்கோப்பை இயக்கினாள். முதலில் கைடு பார்த்தார், நிமிராமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணன். பிறகு அவள். பிரிந்த நுனிகள் அப்படியே நின்றன.

அக்காவும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ ரகள? முள்ளுக்கரண்டி மாதிரி இருக்கு."

பதில் கடிதத்தைக் கைடு எழுத ஆரம்பித்தார். பொட்டலம் 'கவனக்குறைவால் மாறியது' என்று எழுதினால் போதும், யாரால் என்று சொல்ல வேண்டியதில்லை என்றார். யாரால் என்று சொல்லாவிட்டால் அது காப்பாளர் தலையில்தான் போய் உட்காரும் என்று அவள் சொன்னாள், நான்தான் மாற்றினேன் என்று எழுதச் சொன்னாள். அவர் பேனாவை வைத்தார். அப்படி எழுதினால் அவள் பெயர் முதலில் இருப்பது சந்தேகத்தைக் கிளப்பும், தன் பெயரை முன்னால் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு என்றார். நிஜமாகவே அக்கறையில் சொல்கிறாரா, இரண்டு வருஷத்துப் பழைய ஆசையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தக் காரணத்தைத் தட்டில் வைத்து அவருக்கு நீட்டியவளே அவள்தான்.

"போட்டுக்குங்க சார். ஆனா எதுக்காக என் பேர கீழ எறக்கினீங்கன்னு அதே கடிதத்துல எழுதுங்க. பொட்டலத்த நான் மாத்தினேன், காப்பாளர் மேல போடலாம்னு நீங்க சொன்னீங்க, ரெண்டையும் எழுதுங்க. நான் கையெழுத்து போடறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் அவர் அவளை அவ்வளவு நேரம் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்து, மாற்றியது அவள்தான் என்று எழுதினார்; பெயர் வரிசையைத் தொடவில்லை.

பதினோராவது இலையை மூலமாக வைத்துப் புது இனத்தை ஏற்றுக்கொண்டார்கள். அவள் பெயர் முதலிலேயே வந்தது. அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அம்மா அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள், பழக்கதோஷம்.

வீட்டிலிருந்து திரும்பி வந்த பத்து இலையும், நிபுணர் திருப்பி அனுப்பிய 212-க்குள் போயின. ஒரு பொட்டலத்தில் எது மாறினாலும் மாற்றியவர் ஒரு சீட்டெழுதி உள்ளே ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டை எந்தக் காலத்திலும் யாரும் கிழிக்கக் கூடாது. அவள் எழுதி ஒட்டினாள்: இந்தப் பொட்டலத்தின் இலைகளை எடுத்து, வேறு இலைகளை வைத்தது நான். தேதி, முழுப்பெயர், கையெழுத்து. நூறு வருஷம் கழித்து எவனாவது பிரித்தாலும் பூஞ்சையைப் பார்க்கும் முன் அதைத்தான் படிப்பான்.

அடுத்த மாதம் ஓர் அளவைச் சரிபார்க்க அவள் மூல இலையைக் கேட்டுப் போனாள். அக்கா எடுத்துக் கொடுத்தாள், பக்கத்திலேயே நின்றாள். முன்பெல்லாம் அப்படி நிற்கமாட்டாள். வேலை முடிந்து திருப்பிக் கொடுத்தபோது, அக்கா காகிதத்தை மேஜையில் விரித்து, இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு விரலை வைத்து எண்ணினாள்.

"ஒண்ணு."

நோட்டை அவள் பக்கம் தள்ளினாள். போலீஸ் கையெழுத்துப் போட்டாள்.